எங்கள் வீட்டுக்கு ஒரு ரிவால்வர்

ரிக் வண்டிக்குக் கம்ப்ரசர் வாங்குவதென்றால் நான் முதலில் ஒரு நோட்டில் கோடு போடுவேன். இடப்பக்கம் கம்பெனிகள், மேலே பார்க்க வேண்டிய அம்சங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க். இதுவரை மூன்று கம்ப்ரசர் இப்படி வாங்கியிருக்கிறேன். மூன்றுமே தொந்தரவு கொடுக்கவில்லை. அதனால், வீட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று பேச்சு வந்ததும் என் கை தானாக ஸ்கேலைத் தேடிப் போனது.

பேச்சு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போர்வெல் தொழில். இரண்டு ரிக் வண்டிகள், இரண்டும் பெரும்பாலும் வெளி மாநிலத்தில்தான் ஓடுகின்றன. மாதத்தில் பதினெட்டு, இருபது நாள் நானும் அவற்றோடு இருப்பேன். வீடு, திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகும் சாலையில் இறங்கி, மண் தடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, எங்கள் தோட்டத்துக்குள் இருக்கிறது. மகள் வேலைக்காகப் பெங்களூர் போன பிறகு அங்கே என் மனைவி, இரண்டு எருமைகள், ஒரு நாய். நாய்க்கு இடது காது கேட்காது.

அந்த வருடம் பங்குனியில் கிழக்குத் தோட்டத்து வீட்டில் திருடு போனது. வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம். பின்கதவை உடைத்து, பீரோவில் இருந்த நகைகளை எடுத்துக்கொண்டு, அடுப்படியில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நகை போனதைவிடத் தட்டு கழுவியதுதான் என் மனைவியை உலுக்கிவிட்டது.

"தட்டக் கழுவற அளவுக்கு நேரம் இருந்திருக்குதுங்க அவனுகளுக்கு," என்றாள். "ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு அத்தன தைரியம். நம்மூடு மட்டும் என்ன, பஸ் ஸ்டாண்டுலயா இருக்குது?"

இதே நேரத்தில் அவளுடைய அண்ணன், என் மச்சான், திருச்செங்கோட்டில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு பதிவு செய்திருந்தார். பக்கத்திலேயே தங்கைக்கும் ஒன்றைச் சொல்லி வைத்தார். கட்டி முடிக்க ஒன்றரை வருடம் ஆகும், அதற்குள் முடிவு சொன்னால் போதும் என்றார். என் மனைவி அதற்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லாத எதுவும் எங்கள் வீட்டில் நடக்காமல் போனதில்லை.

எனக்கோ டவுனில் மூன்றாவது மாடியில் போய் இருப்பதை நினைத்தாலே சட்டைக் காலர் இறுகியது. இருபது நாள் லாட்ஜ் அறைகளில் படுத்துவிட்டு வருகிறவன் நான். வந்தால் என் தோட்டத்துக் காற்றில் கட்டிலைப் போட்டுப் படுக்க வேண்டும். அவளிடம் கேட்டேன்: "ஒரு லைசென்ஸ் துப்பாக்கி இருந்தா இங்கயே இருப்பியா?"

"வாங்குங்க பாக்கலாம். டவுன் ஊட்டுச் சாவி கைக்கு வாரதுக்குள்ள எனக்கு இங்க பயமில்லாம இருக்கோணும். இல்லீன்னா பொட்டியக் கட்டிப் போடுவேன். அப்பறம் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

ஆக, எனக்கு ஒன்றரை வருடம் கிடைத்தது.

சேலத்தில் கடைவீதி அருகே ஒரு துப்பாக்கிக் கடை. மூன்றாவது தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. இப்போதைய பாய்க்கு என் வயதுதான் இருக்கும். நான் நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

"பாய், வீட்டுப் பாதுகாப்புக்கும் வேணும், ஞாயித்துக்கிழமையில குறி பாத்துப் பழகறதுக்கும் வேணும். ரெண்டுக்கும் ஒண்ணே போதுமுங்களா?"

"கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போற செருப்புலயே ஓட்டப் பந்தயமும் ஓடலாம் சார். ஓடலாம். கப்பு கிடைக்காது, அவ்வளவுதான்."

ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் ரகங்கள் நமக்குக் கிடையாது, நமக்கு அனுமதிக்கப்பட்ட அளவுகள் சிலதான் என்று விளக்கினார். என் பட்டியலில் மூன்று நின்றன. புள்ளி முப்பத்திரண்டு ரிவால்வர் ஒன்று, அதே அளவில் பிஸ்டல் ஒன்று, புள்ளி இருபத்திரண்டில் சிறிய ரிவால்வர் ஒன்று. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்கும். பிஸ்டலில் பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். மேலே உள்ள மூடியைப் பின்னால் இழுத்து விட்டால் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். எடை, குழல் நீளம், பிடியின் அகலம், எத்தனை தோட்டா கொள்ளும், தோட்டா சேலத்திலேயே கிடைக்குமா, பழுது பார்ப்பது யார், துடைக்க எத்தனை நிமிடம் என்று பதினான்கு அம்சங்கள் வைத்தேன். இரண்டு தடவை போய்க் கேட்டு, எல்லாக் கட்டமும் நிரப்பினேன். பிஸ்டலுக்கு ஐம்பத்தெட்டு. ரிவால்வருக்கு ஐம்பத்து மூன்று. சின்னதற்கு நாற்பத்தொன்பது.

வீட்டில் நோட்டைக் காட்டினேன். மனைவி கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தாள்.

"இதுல எனக்கு எத்தன மார்க்குங்க?"

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன்.

விண்ணப்பம் என் பெயரில் போனது. போட்டோ, ஆதார், டாக்டர் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பழகியதற்கான சான்று, எல்லாம் வரிசை எண் போட்டு இணைத்திருந்தேன். அந்தச் சான்றுக்காகச் சேலத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்ததில் எனக்கே ஒரு புதுப் பொழுதுபோக்கு கிடைத்தது. காற்றுத் துப்பாக்கியில் பத்து மீட்டர் தூரத்து அட்டையைச் சுட வேண்டும். முதல் நாள் பத்துக் குண்டில் ஆறு அட்டையில் பட்டது. மற்ற நான்கும் எங்கே போயின என்று பயிற்சியாளருக்கும் தெரியவில்லை.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்குத் தாசில்தார் விசாரணைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கூட வி.ஏ.ஓ. இருந்தார். முன்வாசலில் நாற்காலி போட்டேன். மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"எதுக்காகத் துப்பாக்கி கேக்கறீங்க?"

"தனி ஊடுங்க மேடம். பக்கத்துத் தோட்டத்துல திருடு போச்சுங்க. இவ தனியாத்தான் இருப்பா."

"நீங்க?"

"மாசத்துல பாதிக்கு மேல வெளியூருங்க."

எழுதிக்கொண்டார். "எங்க வெப்பீங்க?"

சுவரில் பதிக்கப்போகும் இரும்புப் பெட்டியின் படத்தை அளவோடு வரைந்து வைத்திருந்தேன். காட்டினேன். அவருக்குப் பிடித்திருந்தது என்று முகம் சொன்னது.

"சாவி?"

"என் இடுப்புலதாங்க. எப்பவுமே."

பேனா நின்றது. "நீங்க வெளியூர்ல இருக்கறப்ப?"

"அப்பவும் என்கிட்டதாங்க. லைசென்ஸ்காரரத் தவிர இன்னொருத்தர் தொடக்கூடாதுன்னு சட்டமுங்களே."

கதவோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வி.ஏ.ஓ. தென்னை மரத்தை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார். தாசில்தார் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ திருடன் வந்தா இவங்க என்ன சொல்லணும்? எங்க வீட்டுக்காரர் பதினஞ்சாந்தேதி வந்துடுவார், அதுக்கு அப்புறமா வாங்கன்னா?"

இப்போது யோசித்தால் ஒரு ரிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது என்று தோன்றுகிறது. பாறையை உடைக்கும் பிட்டுகள் எளிதில் காணாமல் போகும். ஆகவே பிட்டுப் பெட்டியின் சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றில்தான் இருக்கும். முதலாளி வரும்வரை வண்டி நிற்கும், ஆட்கள் டீ குடிப்பார்கள். இருபத்தாறு வருடமாக இப்படியே இருந்து பழகியவனுக்கு, வேறொருவர் சாவியை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வரவில்லை. பதினான்கு அம்சம் யோசித்தவன், அது தேவைப்படும்போது யார் வீட்டில் இருப்பார் என்று யோசிக்கவில்லை.

"வீட்டுல யார் இருக்காங்களோ அவங்க பேர்ல எழுதிக் குடுங்க," என்று சொல்லிவிட்டு, மோரையும் முழுதாகக் குடித்துவிட்டுத்தான் தாசில்தார் எழுந்தார்.

நான் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மனைவி மூன்று நாள் பிடி கொடுக்கவில்லை. "எருமை கறக்கற கைக்குத் துப்பாக்கியாக்கும்," என்றாள். நாலாம் நாள், பால்காரருக்கு ஊற்றிவிட்டு வந்து, ஈரக் கையோடு சொன்னாள்: "ஒரு தடவ அந்தச் சேலத்துக்கு வாரேன். புடிக்கலீன்னா டவுன் ஊடுதான்."

சேலத்தில் பயிற்சியாளர் முதலில் வளையல்களைக் கழற்றச் சொன்னார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரே தொனியில் பேசுவார். வளையல் ஆடினால் துப்பாக்கியும் ஆடும் என்றார். இவள் கழற்ற மாட்டேன் என்றாள். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றி, மகள் விட்டுப்போன தலைமுடி ரப்பரைப் போட்டு இறுக்கினாள். பயிற்சியாளர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இப்ப சரி" என்றார். பிறகு வந்த பெண்களுக்கெல்லாம் அவர் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாராம்.

முதல் பத்துக் குண்டில் பத்தும் அட்டையில் பட்டன. நடுவில் இல்லை, ஆனால் ஒன்றுக்கொன்று பக்கத்தில். அட்டையை எடுத்துவந்த பயிற்சியாளர் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி சுட்டிருக்கீங்களாம்மா?"

"இல்லீங்க. தெனமும் ரெண்டு எருமை கறக்கறேனுங்க."

அவர் நெடுநேரம் தலையாட்டினார். ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. நானும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். மடியில் வெடுக்கென்று இழுத்தால் எருமை உதைக்கும். விரல் விரலாக, ஒரே சீராக அழுத்தி அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு என்னைக் கேட்காமலே பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் அப்போது தெலங்கானாவில், நானூறு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு பிட்டோடு போராடிக்கொண்டிருந்தேன்.

போனில் சொன்னாள்: "இன்னைக்கு நூத்துக்கு எண்பத்தொம்போதுங்க. உங்களது எத்தனையிங்க?"

"அறுபத்து நாலு."

"செரி, சாப்பிட்டுப் படுங்க."

அவளுடைய லைசென்ஸ் வந்துசேரப் பதினோரு மாதம் ஆயிற்று. அதே தாசில்தார்தான் விசாரணைக்கு வந்தார். இந்தத் தடவை என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மச்சான் கேள்விப்பட்டு வந்தார்.

"ஏனுங் மாப்ள, ஆயுதம் அம்மிணி பேருலயா? இனிமேப்பட்டுக் கொழம்புல உப்பில்லீன்னு சொல்லிப் பாருங்க."

"போண்ணா," என்றாள் இவள்.

"எலெக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுப் போடோணும், தெரியுமல்லோ அம்மிணி? திருடனும் பேப்பர் படிக்கறவன்தான். அந்த மாசமாப் பாத்து வருவான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "டவுன் ஊடு பூச்சு வேலை முடிஞ்சிருச்சு. கார்த்திகைக்குள்ள சொல்லீரு," என்றார்.

பாய் கடைக்கு இருவரும் போனோம். நோட்டை எடுத்துப் போயிருந்தேன். பாய் அதைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் பிஸ்டலை வைத்தார். நிஜத் தோட்டா மாதிரியே இருக்கும் மருந்தில்லாத பொம்மைத் தோட்டாக்களை மேகசினில் போட்டுச் செருகி, மேல்மூடியை இழுத்து விட்டார்.

"இப்ப இதைக் காலி பண்ணிக் குடுங்கம்மா."

குழலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மேகசினைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்தாள். "காலிங்க."

பாய் வாங்கி மேல்மூடியை இழுத்தார். டக்கென்று ஒரு தோட்டா மேசையில் விழுந்து உருண்டது. இவள் அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"இது உள்ளயா இருந்துச்சு?"

"மேகசினை எடுத்துட்டா எல்லாம் போச்சுன்னு தோணும்மா. எல்லாருக்கும் தோணும். மேல பாருங்க."

பார்த்தோம். கூரையில், மின்விசிறிக்குப் பக்கத்தில், விரல் நுழையும் அளவு ஓட்டை.

"எங்க அத்தா காலத்துல ஒரு வாடிக்கைக்காரர் காலின்னு சொல்லிக் காட்டுனது. அத்தா அதைப் பூசவே விடலை. பாடம் நடத்தறதுக்குப் போர்டு வேணுமில்ல?"

சிறிய ரிவால்வரைக் கையில் வாங்கியதுமே, "பொம்மையாட்டம் இருக்குதுங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைசியில் புள்ளி முப்பத்திரண்டு ரிவால்வர். உருளையைப் பக்கவாட்டில் தள்ளித் திறந்தார் பாய். ஆறு குழிகள் தெரிந்தன. அவள் முகம் தெளிந்தது.

"இட்லித் தட்டாட்டம்," என்றாள். "இருக்கா இல்லியான்னு தொறந்தாக் கண்ணுல தெரியுது. ஒளிச்சு வெக்க எடமில்ல."

"பிஸ்டலுக்கு அஞ்சு மார்க் கூட இருக்குது," என்று நான் மெல்லச் சொன்னேன். "குறி சுடறதுக்கும் அதுதான்…"

"அப்ப அதைய நீங்க கட்டிக்கங்க."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். ட்ரிகரை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அந்த ரிவால்வரின் ட்ரிகர் கனம். நான் அழுத்தினால் குழல் முனை தலையாட்டும். அவள் அழுத்தினாள். முனை நின்ற இடத்தில் நின்றது. நோட்டைப் பைக்குள் வைத்தேன்.

சுவரில் பெட்டி பதித்தாயிற்று. துப்பாக்கி ஒரு தட்டில், தோட்டா தனியாக இன்னொரு தட்டில். சாவி அவளிடம். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பியும் நாலு மூலைக்கு விளக்கும் அதற்கு முன்பே போட்டிருந்தோம். துப்பாக்கி கடைசிக்குத்தான், விளக்கும் பூட்டும் போனும்தான் முதலில் என்று பயிற்சியாளர் ஆரம்பத்திலேயே எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார். அவள் மாதம் ஒரு ஞாயிறு கிளப்பில் பத்துத் தோட்டா சுட்டுப் பழகினாள். லைசென்ஸில் எழுதிய கணக்குக்கு மேல் தோட்டா கிடைக்காது என்பதால் மற்ற ஞாயிறுகளில் காற்றுத் துப்பாக்கிதான். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் நான் ஊருக்குக் கிளம்பும்போது அவள் வாசலுக்கு வந்து, "எப்ப வருவீங்க?" என்று கேட்கவில்லை. கேட்காததை டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். மச்சானுக்கு நல்ல பதில் கிடைக்கும் என்று எனக்குள் ஒரு தெம்பு வந்துவிட்டது.

அதை நானே கெடுத்தேன்.

ஆயுத பூஜைக்கு இரண்டு ரிக்கும் ஊருக்கு வந்துவிடும். அன்று எங்கள் வீட்டில் எதுவும் பொட்டில்லாமல் இருக்காது. ரிக், கம்ப்ரசர், மோட்டார், மிக்சி, கேஸ் அடுப்பு, தையல் மெஷின், டிவி ரிமோட் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். மனைவி ரிவால்வரை எடுத்து, காலிதானா என்று இரண்டு தடவை பார்த்து, வாழையிலையில் வைத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனாள். பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. எதிலும் ஒரு முறை வேண்டும் என்பவன் நான். பிடிக்கு ஒன்று, குழலின் முனைக்கு ஒன்று, உருளையின் ஆறு அறைக்கும் அறைக்கொன்றாக ஆறு. நல்ல கெட்டிச் சந்தனம், ரோஸ் வாட்டரில் குழைத்தது.

பூஜை முடிந்ததும் அவள் வெளியே தெரிந்ததைத் துணியால் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டினாள். பத்தாம் நாள் ஞாயிறு, கிளப்பில் பயிற்சியாளர் வழக்கம்போல முதலில் வாங்கிச் சோதித்தார். உருளை பாதியில் நின்றது. ட்ரிகரை அழுத்தினார், அது வரவில்லை. மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"என்னம்மா, கோயில் வாசம் வருது?"

உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து சிமெண்டாகி இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவள் முகத்தைப் பார்க்கும் வரை.

அன்று சுடவில்லை. நேராகப் பாய் கடைக்கு ஓட்டினோம். ஞாயிறு என்றாலும் வீடு மாடியிலேயே, இறங்கி வந்தார். திருகுகளைக் கழற்றி, சின்ன பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே அவளைச் சமாதானம் செய்தார். "சந்தனம் சாமியோட போகட்டும்மா. துப்பாக்கிக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் போதும். போன வருஷம் லாரிக்காரர் ஒருத்தர் குழலுக்குள்ள ஊதுவத்தி சொருகி எடுத்துட்டு வந்தாரு. உங்க வீட்டுக்காரர் எவ்வளவோ தேவலை."

இவள் சிரிக்கவில்லை. வண்டி சங்ககிரியைத் தாண்டியது. அப்புறம் சொன்னாள்.

"ஒம்போது ராத்திரி, அது வேலை செய்யும்னு நம்பித் தூங்கியிருக்கறேனுங்க."

"தப்புதான் புள்ள. பொட்டு வெச்சது நான்."

"நீங்க வெச்சதுதான். தொடச்சு, தொறந்து பாக்காமப் பூட்டுனது நானுங்க." கொஞ்ச தூரம் போனதும், "அண்ணங்கிட்ட ஊடு பாக்க வாரேன்னு சொல்லுங்க," என்றாள்.

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைய பக்கத்தில் நான் எழுதியிருப்பது ஒரே ஒரு வரி: ஊடு பார்க்கப் போகிறோம்.

கார்த்திகை முதல் வாரம், காலை பத்தரை மணி. மூன்றாவது மாடி. மச்சான் சாவிக் கொத்தோடு முன்னால் நடந்தார். நல்ல வீடு, குறை சொல்ல முடியாது. வெளிச்சம் நிறைய. லிஃப்ட், கேமரா, வாசலில் காவலாளி. மச்சான் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். நான் சமையலறை மேடையின் உயரத்தைக்கூடப் பாராட்டினேன். தோற்றவன் அதையாவது செய்ய வேண்டும்.

மனைவி படுக்கையறைக் கதவருகே நின்றுகொண்டு, அங்கிருந்து நேராக ஹாலின் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். போய், அதை விரல் மடக்கித் தட்டினாள். டொக் டொக் என்று பொள்ளலாகச் சத்தம் வந்தது.

"அந்தப் பக்கம் ஆருண்ணா?"

"ஒரு டீச்சர் குடும்பம் வராங்க அம்மிணி. ரெண்டு சின்னப் பசங்க. நல்ல சனம்."

"இந்தச் செவுத்துக்குப் பொறத்தால அவங்களுக்கு என்ன ரூமு?"

"அதே மாதிரிதான் கட்டியிருக்குது. பசங்க படுக்கற ரூமா இருக்கும். ஏன்?"

அடுத்த சுவருக்குப் போனாள். "இந்தப் பக்கம்?"

"நம்மூடு. நாங்கதான்."

"மேல?"

"பேங்க்ல வேலை பாக்கறவங்க. கீழ ஒரு கர்ப்பிணிப் பொண்ணு, பிரசவத்துக்கு வந்திருக்குது. ஏன் அம்மிணி, ஊர்க் கணக்கு எடுக்கறே?"

இவள் ஹால் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். நாலு பக்கமும் பார்த்தாள், மேலே பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள்.

"இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆளு இருக்குதுண்ணா."

"அதுக்குத்தானே வரச் சொல்லறது! சத்தம் போட்டா நாலு பேரு வருவாங்க."

"சத்தம் போட்டா வருவாங்க. நான் சுட்டா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கிளப்பில் சொல்லித்தருவதில் இது ஒன்று: குறியைப் பார்ப்பதற்கு முன்னால் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், தப்பிய தோட்டா அங்கேதான் போகும். எனக்கும் சொன்னார்கள். நான் அதைப் பரீட்சைப் பதில் மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். இவள் அதை வைத்துக்கொண்டு வீடு பார்க்க வந்திருக்கிறாள்.

"தோட்டத்துல நான் ரூமுக்குள்ள பூட்டிட்டுப் போன் பண்ணுவேன்," என்று அவள் நிதானமாகச் சொன்னாள். "அதுக்கும் மேல கதவ ஒடச்சா, எனக்கு எதுத்தாப்பல நடை. நடை முடியற எடத்துல கருங்கல் செவுரு. அதுக்கும் பொறத்தால கெணத்து மேடு. அங்கிட்டு ஒரு மனுசங் கெடையாது. இங்க அந்தப் பசங்க படுத்திருக்குதுக. துப்பாக்கிய வெச்சுக்கிட்டு இங்க எனக்குத் தூக்கம் வராதுண்ணா."

"அப்ப அதையக் குடுத்துப் போட்டு வா."

"அதுக்கில்லண்ணா. இவங்க வெச்ச பொட்டு காஞ்சு அது நின்னு போச்சே, அன்னைக்கி நெசமாவே வந்திர்லாம்னுதான் நெனச்சேன். ஆனா அது கெட்டுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. இப்ப வாரத்துக்கு ஒருக்காத் தொறந்து பாக்கறேன். கெட்டுப் போனா எனக்குத் தெரியும், செரி பண்ணவும் தெரியும். இங்க கேமரா கெட்டா, வாட்ச்மேன் தூங்குனா, எனக்கு எங்க தெரியப் போகுது?"

மச்சான் சாவிக் கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மாப்ள, ஊடு பாக்கக் கூட்டியாந்தீங்களா, எதிரி எல்லைய வேவு பாக்கக் கூட்டியாந்தீங்களா?" என்றார். கோபம்தான். ஆனால் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவரே சுவரை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். அந்த வீட்டை மறு வாரமே வேறொருவருக்குச் சொல்லிவிட்டார்.

நாங்கள் வீடு வந்தபோது மணி ஒன்றே கால். சாப்பிட்டு முடித்ததும் அவள் படுக்கையறைக்குக் கூப்பிட்டாள். கட்டில் வடக்குச் சுவரோரம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கதவு பாதிதான் தெரியும், நடையின் கருங்கல் சுவர் தெரியவே தெரியாது. மேற்குச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்றாள். அது தேக்குக் கட்டில், அவளுக்குச் சீராக வந்தது, நாலு ஆள் வேலை. இரண்டு பேருமாக அரையடி அரையடியாக நகர்த்தினோம். அவள் கதவருகே போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சாண்," என்றாள். நகர்த்தினேன்.

"ஏனுங்க, திங்கக்கெழம கெளம்பறீங்கல்லோ?"

"ஆமா. பன்னெண்டு நாள் ஆகும்."

"செரி, அப்ப இன்னொரு சாண் தள்ளீட்டுப் போங்க."